கல்வி நகரில் ஒரு காலி இருக்கை

லியோன் என்றொரு நகரம், பிரான்சு நாட்டில். ரோன், சோன் எனும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த பழம்பெரும் பட்டு நகரம். கல்லூரியில் நம்மோடு பயின்று, இன்று அந்நாட்டில் பணிபுரியும் தோழர் ஒருவர், விடுமுறை நாளொன்றில் அந்நகரைத் தன்னந்தனியாக, காலை முதல் மாலை வரை நடந்தே சுற்றிப் பார்த்துவிட்டு, அலைபேசி வழியே நீண்டதொரு மடல் விடுத்திருந்தார்.

மாளிகைகளைப் பற்றி அவர் மிகுதியாக எழுதவில்லை. வீடுகளின் நடுவே புகுந்து தெருவுக்குத் தெரு செல்லும் மூடு சந்துகளைப் பற்றி எழுதினார். நெய்த பட்டு மழையில் நனையாதபடி நெசவாளர் எடுத்துச் சென்ற சந்துகளாம் அவை. குருவா ரூஸ் என்ற குன்றைப் பற்றி எழுதினார். உயரமான தறி நிற்க வேண்டும் என்பதற்காகவே உயர்ந்த கூரை வைத்துக் கட்டிய நெசவாளர் வீடுகள் அங்கே இன்றும் நிற்கின்றனவாம். பேசி முடித்த கூலியைத் தர வணிகர் மறுத்தபோது, 1831 நவம்பரில் அந்த நெசவாளர் கருங்கொடி ஏந்தித் திரண்டு, நகரையே சில நாட்கள் தம் கையில் வைத்திருந்த வரலாற்றை எழுதினார். 1998-இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது என்றும் குறிப்பிட்டார். மடலின் இறுதியில் ஒரு கேள்வி.

"நீ வாழ்வதும் பட்டு நகரம், பழைய நகரம். ஒரு நாளாவது நடந்து பார்த்ததுண்டா?"

சுருக்கென்றது! காஞ்சியில் ஆசிரியப் பணி ஏற்று ஆண்டுகள் இரண்டு ஓடிவிட்டன. வீடு, பள்ளி, பேருந்து நிலையம் — இம்மூன்றையும் இணைக்கும் முக்கோணமே நாம் அறிந்த காஞ்சி. கடல் கடந்து சென்றவர் அயலூரின் சந்துகளை அளந்து வருகிறார். நாமோ ஊருக்குள் இருந்துகொண்டே ஊரை அறியாது கிடக்கிறோம். வெட்கம் உந்த, ஒரு சனிக்கிழமை விடியலில், துணை எவருமின்றிப் புறப்பட்டோம். தோளில் ஒரு பை. பையில் ஒரு குறிப்பேடு. பள்ளி மேசையில் வைத்துவிட்டு வந்த வருகைப் பதிவேட்டைப் பற்றி அப்போது நமக்கு நினைவே இல்லை. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

சின்னக் காஞ்சியில் தொடங்கினோம். வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபம். அதன் மூலைகளில் கல்லாலான சங்கிலி தொங்குகிறது. ஒரே கல்லைக் குடைந்து, வளையத்துள் வளையமாகக் கோத்து, காற்றில் ஆடவிட்டிருக்கிறான் ஒருவன்! இரும்பை உருக்கி வளைக்கலாம். கல்லை உருக்க முடியுமா? ஒரு தட்டு பிழைத்தால் பல மாத உழைப்பும் பாழ். அவன் பெயர் என்ன? அங்கே நின்ற நால்வரைக் கேட்டோம். அரசர் பெயரைச் சொன்னார் ஒருவர். ஆண்டவன் பெயரைச் சொன்னார் மற்றொருவர். உளி பிடித்தவன் பெயரைச் சொல்வார் ஒருவருமில்லை.

இதே கோயிலின் குளத்திலிருந்துதான் நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை அத்திமரச் சிலையை எடுத்துக் காட்டுகிறார்கள். 1979-க்குப் பிறகு 2019-இல் எடுத்தார்கள். நாற்பத்தெட்டு நாட்களில் வந்து சென்றவர் ஏறத்தாழ ஒரு கோடி என்று கணக்குச் சொன்னார்கள். கோடி மக்கள்! வெயிலில் வாடி, நெரிசலில் நசுங்கி, நீருக்குள் கிடந்த மரத்தைக் கண்டு திரும்பினர். அந்தக் கோடியில், கோபுரத்துக்கு முதுகு காட்டி, தறியோசை கேட்கும் தெருவொன்றுக்குள் திரும்பிப் பார்த்தவர் எத்தனை ஆயிரம் பேர்? எத்தனை நூறு பேர்? பிறரை ஏன் கேட்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாக இங்கேயே இருக்கும் நாம் திரும்பிப் பார்த்தோமா?

இந்தக் கேள்வியோடு நடந்து, அண்ணா நினைவு இல்லத்தை அடைந்தோம். அளவான இல்லம், ஆரவாரம் இல்லாத இல்லம். 1909 செப்டம்பர் 15-ஆம் நாள் நெசவாளர் குடும்பமொன்றில் பிறந்த சிறுவன் வளர்ந்த ஊர் இது. இவ்வூர்ப் பச்சையப்பன் பள்ளியிலே பயின்றார். குடும்பச் சூழலால் சில காலம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். பின் சென்னை சென்று பச்சையப்பன் கல்லூரியிலே முதுகலைப் பட்டம் பெற்றார். 1942-இல் 'திராவிட நாடு' ஏட்டை இந்தக் காஞ்சியிலிருந்தே தொடங்கினார். 1967-இல் முதலமைச்சர்! வரலாறு அனைவரும் அறிந்ததே. ஆனால் அந்த வாயிலில் நின்றபோது நம் மனத்தில் எழுந்தது வரலாறு அன்று, ஓர் ஐயம். பத்து வயதில், பன்னிரண்டு வயதில், "படிப்பு எதற்கு? தறிக்கு ஆள் வேண்டும்" என்று கூறி அந்தச் சிறுவனைத் தறிக்குழியில் இறக்கிவிட்டிருந்தால்? நல்ல சேலைகள் சில கூடுதலாகக் கிடைத்திருக்கும். நாடு எதை இழந்திருக்கும்?

அங்கிருந்து பெரிய காஞ்சியை நோக்கி நடந்தோம். வெயில் ஏறத் தொடங்கியது. வைகுந்தப் பெருமாள் கோயிலை அடைந்து, அதன் சுற்று மண்டபத்துக்குள் நுழைந்தோம். தோழர்களே, காஞ்சிக்கு வருவோர் காணத் தவறக்கூடாத இடம் இது. புராணக் கதையன்று இந்தச் சுவரில் இருப்பது. பெரும்பகுதி பல்லவர் வரலாறு! இரண்டாம் பரமேசுவரவர்மன் எட்டாம் நூற்றாண்டில், ஏறத்தாழ 731-இல், வாரிசின்றி இறந்துபடுகிறான். நாடு அரசனின்றித் தவிக்கிறது. ஊர்ப் பெரியோரும் கடிகையைச் சேர்ந்தோரும் திரண்டு, பல்லவர் மரபின் வேறொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் செல்கின்றனர். "அரசன் ஒருவனைத் தருக" என்று கேட்கின்றனர். அவன் தன் மைந்தர் நால்வரையும் அழைத்து வினவ, மூவர் மறுக்க, இளையவன் "நான் போகிறேன்" என்கிறான். அந்த இளையவனுக்கு வயது பன்னிரண்டு. அவனே நந்திவர்மப் பல்லவமல்லன். சிற்பமும் அதன்கீழ்க் கல்வெட்டும் இக்கதையைக் கூறுகின்றன.

பன்னிரண்டு வயது! அந்த எண் மனத்தில் எங்கோ தைத்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை. மேலே நடந்தோம்.

'கடிகை' என்ற சொல்லை மேலே குறித்தோம். அக்காலக் கல்விக்கூடம் அது. நான்காம் நூற்றாண்டில் கடம்ப மரபின் முதல்வன் மயூரசர்மன், தன் ஆசான் வீரசர்மனோடு காஞ்சிக் கடிகைக்குப் பயில வந்தான் என்று கன்னட நாட்டுத் தாளகுந்தாக் கல்வெட்டு உரைக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இவ்வூரில் பௌத்தப் பள்ளிகள் நூற்றுக்கு மேல் இருந்தன, துறவியர் பதினாயிரவர் வாழ்ந்தனர் என்று எழுதிவைத்தார். நாலந்தாவின் தலைமைப் பேராசானாகத் திகழ்ந்த தருமபாலர் இவ்வூரில் பிறந்தவர். மணிமேகலை பசிப்பிணி தீர்க்க வந்து சேர்ந்ததாகக் காப்பியம் கூறுவதும் இவ்வூரே. அப்பரும் காஞ்சியைக் கல்வியின் பெயரால் புகழ்ந்தார். அந்தப் புகழைப் பள்ளிச் சுவரிலே எழுதி வைத்திருக்கிறோம். மேடையிலே பேசி மகிழ்கிறோம்.

மகிழட்டும், குற்றமில்லை. ஆனால் பகுத்தறிவு படைத்தவன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: கல்வி நகரம் — யாருக்கு?

மயூரசர்மன் கடிகைக்கு வந்து கற்க விழைந்தது வேத நூல்களை. வந்தவன் வேதியன், அழைத்து வந்த ஆசானும் வேதியன். இவ்வூரிலே நெசவாளர் அன்றே இல்லையா? இருந்தனர். பத்தாம் நூற்றாண்டின் உத்தம சோழன் செப்பேடு ஒன்று, இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பது, காஞ்சி நெசவாளரைக் கோயிலின் நிருவாகத்தைக் கவனிக்கும் பொறுப்பிலே வைத்ததைக் கூறுகிறது. பொன்னைக் காக்கத் தகுதி உண்டு. கணக்கைப் பார்க்கத் தகுதி உண்டு. கடிகையில் அமர்ந்து கற்றார்கள் என்று சொல்லும் கல்லொன்றை மட்டும் நாம் காணவில்லை. பௌத்தப் பள்ளிகளோ பேச்சற்றுப் போயின. காமாட்சியம்மன் கோயில் வளாகத்தில் கிடைத்த புத்தர் சிலையொன்று சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றுவிட்டது. நூறு பள்ளிகள் நின்ற மண்ணில் பயணிக்குக் காட்ட ஒரு பள்ளி இல்லை. ஊரின் புகழ் நிலைத்தது. ஊராரின் பங்குதான் நிலைக்கவில்லை.

பங்கு கேட்டு எழுந்த குரலும் இவ்வூரிலேயே ஒலித்தது. 1925 நவம்பரில், திரு.வி.க. தலைமையிலே இங்கு கூடிய காங்கிரசு மாநாட்டில், வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டபோது, பெரியார் வெளியேறினார். ஒரு மனிதர் ஒரு பந்தலை விட்டு வெளியேறினார். தமிழகத்தின் ஒரு நூற்றாண்டு அவர் பின்னே நடந்தது. படிப்பிலும் பதவியிலும் எல்லோருக்கும் பங்கு என்பதுதானே அவர் கேட்டது? கல்வி நகரத்தின் கதவைத் தட்டிய கை அது!

காந்தி சாலை வந்தது. இருபுறமும் பட்டுக் கடைகள். கண்ணாடிக்குள் மயிற்கழுத்து நிறம், மாம்பழ நிறம், குங்கும நிறம். உந்துவண்டிகளிலிருந்து இறங்கும் திருமணக் கூட்டம். "அசல் கோர்வைதானே?" என்று ஓர் அம்மையார் கடைக்காரரைக் கேட்டது காதில் விழுந்தது. ஏகாம்பரநாதர் கோயிலின் கோபுரம், கிருட்டிணதேவராயர் 1509-இல் எழுப்பியது, வானை முட்ட நின்றது. அண்ணாந்து பார்த்தோம், கழுத்து வலித்தது, கடந்தோம்.

நண்பகலில் ஊரின் மேற்குக் கோடிக்கு வந்து சேர்ந்தோம். கைலாசநாதர் கோயில். ஏறத்தாழ 700-ஆம் ஆண்டளவில் இராசசிம்ம பல்லவன் மணற்கல்லால் எழுப்பியது. கூட்டமில்லை; கூச்சலில்லை. சுற்றுச் சுவரை ஒட்டி வரிசை வரிசையாகச் சிறு சிறு அறைகள், ஆள் ஒருவர் அமர்ந்து படிக்கலாம் போன்ற அளவில். படையெடுத்து வந்து காஞ்சியை வென்ற சாளுக்கிய விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைக் கொள்ளையிடாமல் திருப்பித் தந்ததைக் கன்னடத்தில் பொறித்துச் சென்ற கல்வெட்டும் இங்கு உண்டு. வென்றவன் கையிலும் ஒரு வரம்பு இருந்திருக்கிறது என்று எண்ணியவாறு நிழலில் சாய்ந்தோம்.

அப்போதுதான் அந்த ஓசை. டக்… டடக்… டக்… மதிலுக்கு அப்பாலிருந்து வந்தது. அலுவல் நேரமில்லை, ஓய்வு நேரமில்லை, ஒரே சீராக வந்தது. பிள்ளையார்பாளையம்! தறி ஓடுகிறது. லியோன் தோழரின் கேள்வி நினைவில் தட்ட, எழுந்து ஓசையைப் பின்தொடர்ந்தோம்.

குறுகிய தெரு. திண்ணை வைத்த வீடுகள். ஒரு வீட்டின் திறந்த கதவு வழியே உள்ளே பார்த்தோம். தரையில் குழி, குழியில் கால் இறக்கி அமர்ந்திருக்கிறார் ஒரு நெசவாளர். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப, அவற்றுக்கேற்பப் பாவு நூல்கள் எழுந்தும் தாழ்ந்தும் கரையில் ஓர் அன்னம் உருவெடுக்கிறது. லியோனில் பிறந்த பெட்டி! 1804-இல் ஜக்கார்டு என்பார் அமைத்தது. அதற்கு முன்னே அந்நாட்டில், பூவேலைத் தறியின் பக்கத்தில் சிறுவர் நின்று கயிறுகளை நாள் முழுதும் இழுத்துக் கிடந்தனராம். பெட்டி வந்தது, கயிறு இழுத்த கைகளுக்கு வேலையில்லாமல் போனது. ஆகா, அறிவியல் ஒரு குழந்தையின் கையை விடுவித்தது என்று மகிழ்ந்து, குறிப்பேட்டை எடுத்து எழுதப் போனோம்.

எழுதவில்லை. தறியின் மறுபக்கம் பார்த்துவிட்டோம்.

நெசவாளரின் பக்கவாட்டில், பலகை மேல், கையில் ஒரு நாடாவோடு அமர்ந்திருந்தது ஒரு பெண் குழந்தை. நம்மைக் கண்டதும் கை நின்றது. தலை கவிழ்ந்தது. ஏழாம் வகுப்பு, இரண்டாம் வரிசை, சன்னலோரம். பதினொரு நாட்களாகக் காலியாக இருந்த இருக்கை. வயது பன்னிரண்டு.

மனத்தில் தைத்த எண் எது என்று இப்போது புரிந்தது.

"சார்! வாங்க சார், உள்ளே வாங்க" என்று எழ முயன்றார் தந்தை. திண்ணையில் அமர்ந்தோம். தண்ணீர் வந்தது, கொண்டுவந்த தாயின் வலக்கை மடியோடு ஒட்டியே இருந்தது.

"இவளுக்குத் தோள்பட்டை விட்டுப்போச்சு சார். கையைத் தூக்க முடியல. இத்தனை வருசமும் அவதான் கரை ஓட்டினா. இப்ப ஆள் இல்ல."

"வெளி ஆள் வைக்கலாமே?"

"கட்டுப்படி ஆகாது சார். சேலைக்குத்தான் கூலி. ஒருத்தர் ஓட்டினாலும் அதேதான், ரெண்டு பேர் ஓட்டினாலும் அதேதான்."

கடைவீதியில் கேட்ட சொல்லின் பொருள் இங்கேதான் விளங்கியது. கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். இரண்டும் வேறு வேறு நூல். ஓரிழை கூடப் பிசகாமல், ஒன்றோடொன்று கொக்கி போட்டதுபோல் கோத்துக்கொள்ள வேண்டும். நாடா ஒன்றல்ல, மூன்று. நடுவே ஒன்று, இரு கரைகளுக்கும் இரண்டு. ஒற்றை ஆளால் ஆகாது. பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து கரை நாடாவை ஒவ்வோர் இழைக்கும் தள்ளித் தந்தாக வேண்டும். அவ்வாறு நெய்தால்தான் உடல் நைந்தாலும் கரை பிரியாது. காஞ்சிப் பட்டின் பெருமையே அதுதான். ஒரு சேலைக்கு இருவர் உழைப்பு. கூலியோ ஒருவர் பெயரில். இரண்டாவது கைக்குக் கணக்கில் வரியே இல்லை. கணக்கில் இல்லாத கையை எங்கே தேடுவது? வீட்டுக்குள்தான். மனைவியின் கை ஓய்ந்தால் மகளின் கை.

லியோனின் பெட்டி ஒரு குழந்தையை விடுவித்தது உண்மை. அந்தப் பெட்டிக்குக் கீழேயே இன்னொரு குழந்தை அமர்ந்திருப்பதும் உண்மை. பொறி செய்வது பாதி. மீதியை மனிதர்தாம் செய்ய வேண்டும்.

"இந்தப் பாவு இறங்கட்டும் சார். அனுப்பிடறேன்."

"பாவில் எத்தனை சேலை?"

"மூணு. ஒண்ணு அறுத்தாச்சு."

"இறங்கிய பிறகு அடுத்த பாவு ஏறாதா?"

அவர் பதில் கூறவில்லை. தறியைப் பார்த்தார். கொடியவரல்லர் அவர். மகளின் புத்தகப் பையை, தூசு படாமலிருக்கச் சேலை உறையொன்றில் சுற்றிச் சுவராணியில் மாட்டி வைத்திருந்தார். பையைக் காப்பாற்றி வைத்தவர், படிப்பைக் காப்பாற்ற வகையறியாமல் நிற்கிறார்.

மௌனத்தைக் கலைத்தவள் அந்தச் சிறுமிதான். "சார், நீங்க ஓட்டிப் பாக்கறீங்களா?" என்றாள். குறும்பா, கோபமா, அறியோம். பலகையில் அமர்ந்தோம். பட்டம் பெற்ற கை நாடாவைத் தள்ளியது. நாடா பாதியில் நின்றது. மீண்டும் தள்ளினோம், இழை அறுந்தது. "மெதுவா சார்" என்று கூறி, அறுந்த இழையின் இரு நுனிகளையும் விரலால் ஒரு சுண்டில் முடிந்துவிட்டாள். முடிச்சு எங்கே என்று தேடினோம், தெரியவில்லை. தந்தை சிரித்தார்; தாய் சிரித்தாள்; வகுப்பில் நாம் ஒரு நாளும் கண்டிராத சிரிப்பு ஒன்று அந்தக் குழந்தையின் முகத்தில் மலர்ந்தது.

என்ன கைத்திறன் என்று வியந்தோம். வியந்த மறுகணமே திடுக்கிட்டோம். இப்படி வியந்தவர்கள்தாமே முன்பும் திட்டம் தீட்டினர்? 1953-இல் சென்னை மாகாணத்தில் வந்ததே, பள்ளியில் பாதி நேரம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்று. குலக்கல்வி என்று நாடே கொதித்தெழ, 1954-இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் கைவிடப்பட்டதே! அதை ஆதரித்தோரும் கைத்தொழிலின் அருமையைத்தான் பேசினர். தொழில் அரியதுதான். அரிய தொழிலை அதனை விரும்பும் எவரும், வளர்ந்தபின், வயிறார உண்டு, தக்க கூலி பெற்றுக் கற்கட்டும். பிறந்த வீட்டைக் காரணம் காட்டிப் பன்னிரண்டு வயதில் ஒரு குழந்தையின் கையில் திணிப்பதற்குப் பெயர் கலையன்று.

வாயில் வழியே நுழைய முடியாதது கொல்லைப்புறமாக நுழையும் என்பதையும் மறக்கலாகாது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது என்று அது கூறுகிறது, நன்று! கூறிவிட்டு, பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு சந்தையும் திறந்து வைத்திருக்கிறது. சனிக்கிழமை நண்பகலில் நாம் கண்ட காட்சி அந்தச் சந்துக்குள் அடங்கும். முந்தைய பதினொரு பள்ளி நாட்கள் அடங்குமா? அடங்கா. ஆனால் வீட்டுக்குள் ஓடும் தறியின் பக்கத்தில், எது பள்ளி நேரம், எது உதவி, எது உழைப்பு என்று கோடு கிழிப்பவர் யார்? ஆய்வாளர் வந்து நின்று பார்க்கும் தெருவா அது?

ஆய்வாளரைக் குறை கூறுமுன் நம்மைக் கூறிக்கொள்வோம். பதினொரு நாட்கள், காலையில் பெயர் கூப்பிட்டோம், பதில் இல்லை, வரவில்லை என்று குறித்தோம், அடுத்த பெயருக்குச் சென்றோம். பதினொரு முறை எழுதிய கை, ஒரு முறையாவது கதவைத் தட்டிற்றா? பள்ளியிலிருந்து அவ்வீடு நடையாகக் கால் மணி நேரம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் கல்லைக் காண நாளெல்லாம் நடந்த கால்கள், கால் மணி நேரம் நடக்கவில்லை. கடிகையில் இடம் கொடுக்கவில்லை என்று பல்லவனைக் கேள்வி கேட்ட நாம், இடம் கொடுத்துவிட்டு, அது காலியாகக் கிடந்தபோது கண்ணை மூடிக்கொண்டோம். எது பெரிய குற்றம்?

அன்று மாலை வரை அந்தத் திண்ணையில் இருந்தோம். அறிவுரை கூறவில்லை, கணக்குப் போட்டோம். அண்டை வீட்டில், நெசவு அறிந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் வேலையின்றி இருந்தார். கரை ஓட்ட அவர் இசைந்தார். அவருக்குரிய கூலியில் ஒரு பகுதியையாவது சேலைக்குப் பாவு தருபவர் கூட்டித்தர வேண்டும். ஞாயிறன்று தந்தையோடு நாமும் சென்று கேட்டோம். "எல்லோரும் கேட்பார்களே" என்றார் அவர். "கேட்கட்டுமே, அதுதானே நியாயம்" என்றோம். நெடுநேரப் பேச்சுக்குப்பின் இந்தப் பாவுக்கு மட்டும் சிறிது கூட்டினார். தாயை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதென்றும் முடிவாயிற்று. பெரும் வெற்றி என்று முரசறையும் செய்தியன்று இது. கருங்கொடி ஏந்தி ஊரைக் கைப்பற்றவில்லை எவரும்.

திங்களன்று வந்தாள். செவ்வாயன்று வரவில்லை. செவ்வாய் மாலையே பிள்ளையார்பாளையம் நடந்தோம். இளைஞருக்கு வேறு வேலை, அன்று மட்டும் என்றார்கள். புதன்கிழமை வந்தாள். இவ்வரிகளை எழுதும் இன்று வரை வருகிறாள். அடுத்த பாவு ஏறும்போது? சொல்ல இயலாது. அன்றும் நடப்போம்.

தோழர்களே! பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்க இந்நாடு செய்தவை கொஞ்சமல்ல. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் நீதிக்கட்சியினர் சோறிட்டனர், காமராசர் காலத்தில் அது மாகாணமெங்கும் பரவியது, 1982-இல் சத்துணவாயிற்று, 2022-இல், அண்ணா பிறந்த நாளன்று, காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. பசி பள்ளியின் வாசலில் நிறுத்தியது. சோறு அந்தத் தடையை அகற்றியது. எஞ்சி நிற்பது வீட்டுக்குள் இருக்கும் தடை: கணக்கில் வராத இரண்டாவது கை. இழையிழையாகப் பட்டைச் சோதித்து வாங்கும் நாம், "அசல் கோர்வையா?" என்று கேட்பதோடு, "கரையை ஓட்டியது யார்? அந்தக் கைக்குக் கூலி உண்டா?" என்றும் கேட்டுப் பழக வேண்டும். கேட்போர் பெருகினால், கூலிக் கணக்கில் ஒரு வரி கூடும். அந்த ஒரு வரி கூடினால், வகுப்பில் ஓர் இருக்கை நிரம்பும்.

ஊர்தோறும் நம் இளைஞர் நடத்தும் மன்றங்கள் உண்டு, படிப்பகங்கள் உண்டு. ஏடு படித்து முடித்ததும், தெருவிலே பள்ளிக்கு வராத பிள்ளை யார் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். எழுதியபின் நடந்து சென்று கதவைத் தட்டுங்கள். அறிவுரையோடு அல்ல, தண்ணீர் வாங்கிக் குடித்து, திண்ணையில் அமர்ந்து, கணக்குப் போடத் தெரிந்த தோழராகச் செல்லுங்கள்.

லியோன் தோழருக்கு மறுமொழி எழுதிவிட்டோம். "நடந்தோம். கோபுரங்கள் கண்டோம். கல்லில் பன்னிரண்டு வயதுச் சிறுவனொருவன் அரியணை ஏறுவதைக் கண்டோம். தறியருகே பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தி நாடா தள்ளுவதையும் கண்டோம். காஞ்சி கல்வி நகரமா என்று கேட்டால், இன்று வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறோம்: எங்கள் வகுப்பில் இன்று எல்லோரும் வந்திருக்கிறார்கள்."